பாடகரை எடைபோட சுருதிப்பெட்டி போதுமா?

கேள்வி இதுதான். சேலத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பிக்கும் அவருடைய அறைத்தோழனுக்கும் வாக்குவாதம். தோழன் சொல்வது: "உனக்குப் பிடிச்ச அந்தப் பாடகருக்குப் பாடவே தெரியாது. எல்லாம் ஆட்டோட்யூன். மேடையில ஏத்திவிட்டா சுருதியே சேராது." தம்பி சொல்வது: "கேக்கறப்ப மனசு என்னமோ பண்ணுதில்ல, அது போதும். சங்கதி, பிருகா, ரேஞ்ச் எல்லாம் சபாக் கச்சேரிக்காரங்க கவலை." (ஆட்டோட்யூன் என்பது பாடிய குரலின் சுருதியைத் திருத்துகிற மென்பொருள். சங்கதி என்றால் ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடுவது, பிருகா என்றால் சுரங்களை வேகமாக உருட்டுவது.) சினிமாப் பாடகர்களையும் மெல்லிசை வாத்தியக்காரர்களையும் மதிப்பிட நுட்பத் தேர்ச்சியைப் பார்க்கத்தான் வேண்டுமா, யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்கிறார்.

தம்பி, நீங்களும் பாதி தப்பு, அவரும் பாதி தப்பு. ஒரு பாட்டு உங்களுக்குப் பிடிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் "நன்றாகப் பாடியிருக்கிறார்" என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் நுட்பத்தைத் தொடாமல் பேச முடியாது. உங்கள் தோழர் கோட்டை விடுவது வேறு இடத்தில். சுருதியும் உச்சஸ்தாயியும் மட்டும்தான் நுட்பம் என்று நினைக்கிறார். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இந்தப் பாட்டு பாடுகிறவரிடம் என்ன வேலையைக் கேட்கிறது, அந்த வேலை அவருக்குக் கைவந்திருக்கிறதா?

எந்தத் தைரியத்தில் சொல்கிறேன் என்றால், 23 வருடம் சேலம், நாமக்கல், தர்மபுரி வட்டாரத்தில் ஆர்கெஸ்ட்ராவில் பாடியவள் நான். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் போதும், அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று ஏதாவது ஒரு தெருவில் தினமும் மேடை இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு முதல் பாட்டு. முடிய ஒன்று, இரண்டு ஆகும். சுசீலாம்மா, ஜானகியம்மா, ஈஸ்வரியம்மா, சித்ராம்மா நாலு பேரும் ஒரே ராத்திரியில் இந்த ஒரு தொண்டையில் இறங்க வேண்டும். இப்போது பொன்னம்மாப்பேட்டையில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன்.

ஒரு வருடம் எங்கள் ட்ரூப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றவள், வர்ணம் என்கிற பயிற்சிப் பாட்டை மூன்று வேகத்திலும் பிசகாமல் பாடுவாள். சுருதி அப்படியே கம்பி மாதிரி நிற்கும். எனக்கு வேலை போய்விடும் என்று கொஞ்சம் பயந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது பாட்டுக்கே கூட்டத்திலிருந்து சீட்டு வந்தது, 'எலந்தப் பழம்' வேண்டும் என்று. 1968-இல் வந்த 'பணமா பாசமா' படத்துக்காக கே.வி. மகாதேவன் இசையில் எல்.ஆர். ஈஸ்வரி பாடியது. இவள் எடுத்தாள். சுருதியில் குறை சொல்ல முடியாது, தாளமும் சரி. ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் சுரத்தை அசைத்து ஒரு கமகம், ஒரு குழைவு. கூடையில் பழம் விற்கிறவள் ஏதோ மண்டபத்தில் உட்கார்ந்து ஆலாபனை பண்ணுவது மாதிரி ஆகிவிட்டது. முன்வரிசைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் போய் அழுதாள்.

அந்தப் பெண்ணுக்குத் திறமை இல்லையா? இருந்தது. அந்தப் பாட்டு கேட்ட திறமை வேறு. தெருவில் கூவி விற்கிற குரல் அது. தொண்டையைத் திறந்து நேராக வர வேண்டும், ஆட்டமே கூடாது. சொல்லைப் பாடக்கூடாது, எறிய வேண்டும். அந்த வேகத்திலும் ஒரு எழுத்துகூட மழுங்கக்கூடாது. ஈஸ்வரியம்மா கோரஸில் நின்று பாடி மேலே வந்தவர். அந்த இடத்தில் நின்று பாடுகிறவர்களுக்குத்தான் மற்றவர் குரலோடு எங்கே ஒட்டுவது, எங்கே துருத்திக்கொண்டு நிற்பது என்பது ரத்தத்தில் ஊறும். "அது குத்துப்பாட்டு, யார் வேண்டுமானாலும் பாடலாம்" என்கிறவர்களை நான் மேடைக்குக் கூப்பிடுவேன். இதுவரை யாரும் வந்ததில்லை.

நுட்பம் என்றாலே சாஸ்திரம் என்று நினைப்பதில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. ஆடிப் பண்டிகையில் பம்பைக்காரரைப் பார்த்திருப்பீர்கள். ஆதி தாளம், ரூபக தாளம் என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. சாமி வரப்போகிற அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பார். கண் சொருக ஆரம்பித்ததும் வேகத்தை ஒரு நூல் ஏற்றுவார். மறுபடி ஒரு நூல். கூட நிற்கிற உடுக்கைக்காரருக்குக்கூட எப்போது ஏறியது என்று தெரியாது. முக்கால் மணி நேரம் ஒரு அடி தவறாது. வேகத்தின் மேல் இப்படிப் பிடி வைத்திருப்பதற்குப் பெயர் காலப்பிரமாணம் இல்லையென்றால் வேறு எதற்கு? பெயர் தெரியாமலே அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அப்படியானால் சாஸ்திரத் திறமை சினிமாப் பாட்டுக்குத் தேவையே இல்லையா என்று நீங்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். 'திருவிளையாடல்' படத்தை நினைத்துப் பாருங்கள், 1965. பாடகரை மதிப்பிடுவதுதான் அந்தப் பகுதியின் கதையே. ஹேமநாத பாகவதர் என்ற வித்துவான் பாண்டிய நாட்டுக்கு வந்து சவால் விடுகிறார். டி.எஸ். பாலையா நடிக்க, பின்னால் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. 'ஒரு நாள் போதுமா' ஒரு ராகமாலிகை, பல ராகங்களைக் கோத்த பாட்டு. ராகங்களின் பெயரைச் சொல்லிச் சொல்லியே அந்தந்த ராகத்துக்குள் நுழைந்து வெளியே வருவார். கதைப்படி அவர் தோற்கிற ஆள். ஆணவக்காரர். ஆனால் அந்த ஆணவம் நமக்கு எதிலிருந்து தெரிகிறது? அந்தத் திறமையிலிருந்துதான். சுமாரான ஒருவர் பாடியிருந்தால் பாகவதர் வெறும் வாய்ச்சவடால்காரராகப் போயிருப்பார், சிவபெருமான் விறகு சுமந்துகொண்டு இறங்கி வர வேண்டிய அவசியமே இருந்திருக்காது. இங்கே பிருகாவும் சங்கதியும் அலங்காரமாக வரவில்லை, அந்தப் பாத்திரத்தின் குணமே அவைதான். அதே படத்தில் 'பாட்டும் நானே' கௌரிமனோகரி ராகத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடியது. அதில் வித்தை குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அங்கே குரல் சவால் விடவில்லை, இருக்கிற இடத்திலேயே நிற்கிறது. இரண்டும் ஒரே படம், இசையமைத்தவரும் அதே மகாதேவன். கேட்கப்பட்ட வேலை மட்டும் வேறு.

நம் ஊர் உதாரணம் ஒன்று. ஏற்காடு ரோட்டில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் தனியாக நிற்கிறதே, அந்தக் கம்பெனி 1950-இல் எடுத்த படம் 'மந்திரி குமாரி'. அதில் ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய 'வாராய் நீ வாராய்'. மலை உச்சிக்கு மனைவியைக் கூட்டிப் போய்த் தள்ளிவிட நினைக்கிறவன் பாடுகிற பாட்டு. வித்தை காட்ட வேண்டுமென்றால் எவ்வளவோ காட்டியிருக்கலாம். லோகநாதன் ஒன்றும் செய்யவில்லை. குரலை இறக்கி, அவசரமே இல்லாமல், சாயங்காலம் காற்று வாங்கக் கூப்பிடுகிற புருஷன் மாதிரி கூப்பிடுகிறார். நமக்குக் கதை தெரிந்திருப்பதால் அந்த இனிமையே பயமாக இருக்கிறது. இப்படி ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குப் பத்து வருடப் பயிற்சியாவது வேண்டும். என் மாணவர்களில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்கும்.

நல்ல குரல் என்பது வேறு, நல்ல பாடகர் என்பது வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குரல் வளம் பெற்றோர் கொடுத்தது, அதற்குப் பாராட்டு வாங்குவது மூக்கு அழகாக இருப்பதற்குப் பாராட்டு வாங்குவது மாதிரிதான். இளையராஜாவின் குரலை இனிமையான குரல் என்று யாரும் சொல்வதில்லை. 'தாய் மூகாம்பிகை' படத்தில், 1982-இல், கல்யாணி ராகத்தில் அவர் பாடிய 'ஜனனி ஜனனி'யைக் கேளுங்கள். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூக்கு. ஆனால் சுரம் நிற்க வேண்டிய இடத்தில் அசையாமல் நிற்கிறது, சொல்லில் போலி இல்லை. எம்.எஸ். விஸ்வநாதன் பாடிய பாட்டுகளும் அப்படித்தான். சொந்தமாகப் பாட வந்தால் குரல் கிழியும் தூரத்துக்குப் போவார், ஆனால் கிழிவது பாட்டின் உணர்ச்சிக்காக. இவர்களைப் பிடிக்கிறவர்கள் "திறமை முக்கியமில்லை, உணர்ச்சிதான்" என்று உதாரணம் காட்டுவார்கள். இருவரும் சுரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள் என்பது மறந்துபோகும்.

முறையாகக் கற்றாரா என்பதும் இதே மாதிரி ஒரு குழப்பம். எஸ்.பி. பாலசுப்ரமணியம் பொறியியல் படிக்கப் போனவர், முறையான சாஸ்திரிய சங்கீதப் பயிற்சி இல்லாதவர். 'சங்கராபரணம்' படத்தில் ஒரு மகா வித்துவானுக்குக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. கே.வி. மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி சொல்லிக் கொடுக்க, பாடிப் பழகி, அதற்குத் தேசிய விருதும் வாங்கினார். பயிற்சி இல்லாமல் பாடினார் என்று இதைச் சொல்வது தப்பு. அந்தப் பாட்டுகளுக்கான பயிற்சியை அந்தப் பாட்டுகளிலேயே எடுத்துக்கொண்டார். சான்றிதழ் இல்லை, தேர்ச்சி இருந்தது.

எல்லோரும் கண்டுகொள்ளாத ஒரு நுட்பம் உச்சரிப்பு. சுசீலாம்மா ஆந்திராவின் விஜயநகரத்துக்காரர், ஜானகியம்மா குண்டூர் பக்கம், பாலசுப்ரமணியம் நெல்லூர். மூன்று பேருக்கும் வீட்டு மொழி தெலுங்கு. அவர்கள் பாடிய ழகரத்தைக் கேட்டுவிட்டு, இங்கேயே பிறந்து வளர்ந்து "மளை" என்று பாடுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் காது எரியும். டிவி போட்டிகளில் சுருதிக்கு மார்க் போடுகிற மாதிரி இதற்கும் போட்டால் பாதிப் பேர் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

கூட்டம் பார்க்கும் நுட்பம் பெரும்பாலும் சர்க்கஸ் நுட்பம். 'கேளடி கண்மணி' படத்தில், 1990, 'மண்ணில் இந்தக் காதல்' பாட்டின் சரணம் மூச்சு விட இடம் வைக்காமல் அமைந்தது. எங்கள் மேடையில் அதைப் பாடினால் ஜனங்கள் பாட்டைக் கேட்க மாட்டார்கள், பாடுகிறவர் கழுத்து நரம்பைப் பார்ப்பார்கள். ஒரு ரகசியம்: எங்கள் பாடகர் அண்ணன் மைக்கைக் கொஞ்சம் திருப்புவார், ரிதம்பேட் என்கிற எலக்ட்ரானிக் டிரம் வாசிக்கிற அண்ணன் சரியாக அந்த நேரத்தில் ஒரு அடி ஓங்கிப் போடுவார், அந்த மறைவில் மூச்சு உள்ளே போய்விடும். இருவரும் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கூட்டுத் திருட்டுத்தான் பெரிய வித்தையாகத் தெரியும்.

சரி, உங்கள் தோழரின் ஆட்டோட்யூன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1997-இல் ஆன்டாரெஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது இது. உருவாக்கிய ஆண்டி ஹில்டெபிராண்ட் அதற்கு முன்னால் எண்ணெய் தேடுகிற வேலையில் இருந்தவர். பூமிக்குள் அதிர்வலை அனுப்பி, திரும்பி வருவதைக் கணக்குப் போட்டு, கீழே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. அதே மாதிரிக் கணக்கைக் குரலுக்குத் திருப்பினார். பாடுகிற சுரம் எது என்று பார்த்து, பக்கத்தில் இருக்கிற சரியான சுரத்துக்கு அது இழுத்துவிடும். அடுத்த வருடமே ஷெர் என்ற பாடகி 'பிலீவ்' பாட்டில் அந்த இழுப்பு அப்பட்டமாகத் தெரியும்படி வைத்தார், உலகம் முழுக்க ஓடியது.

நம் சங்கீதத்துக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நமக்குச் சுரத்தில் இருப்பதைவிட ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில்தான் சுகம். தோடி ராகத்துக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். போனில் அந்த மாதிரி ஒரு செயலியை இறுக்கமாக வைத்துப் பாடிப் பார்த்தேன். ஊஞ்சல் ஆட வேண்டிய இடத்தில் படிக்கட்டு ஏறி இறங்கியது. மெதுவாக வைத்தால் தெரியாது, இன்றைக்கு வருகிற பாட்டுகளில் பெரும்பாலும் அப்படித்தான் தொட்டும் தொடாமலும் வைப்பார்கள். அதனால் "ஆட்டோட்யூன் இருக்கிறது" என்று மட்டும் சொல்வது, சமையலில் உப்பு இருக்கிறது என்று சொல்வது போல.

அந்தக் காலத்தில் மொத்த வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒரே அறையில் ஒன்றாகப் பதிவு செய்தார்கள். கடைசி வரியில் யாராவது ஒருவர் பிசகினாலும் மறுபடி பல்லவியிலிருந்து. அப்போது நிதானமும் ஞாபகமும் இல்லாதவருக்கு வேலையே கிடையாது. இப்போது ஒவ்வொரு வரியாகப் பஞ்ச் பண்ணி ஒட்டிவிடலாம். ஆகவே ரெக்கார்டிங்கில் அந்த நிதானம் இல்லாதது ஒரு குற்றமில்லை, வேலையே மாறிவிட்டது. சுருதியைத் திருத்தலாம், தாளம் தள்ளிப்போனால் இழுத்துச் சேர்க்கலாம். சொல்லை எந்த எண்ணத்தோடு வாயிலிருந்து விடுகிறார் என்பதை இன்னும் அப்படித் திருத்த முடியவில்லை. ஆனால் அதே பாடகர் டிக்கெட் போட்டு மேடை ஏறினால் கணக்கு வேறு. அங்கே அவர் விற்பது நேரில் பாடுவதை. அதில் சுருதி சேரவில்லையென்றால் உங்கள் தோழர் கோபப்படுவது நியாயம்தான். பணம் கொடுத்தவர்.

கைதட்டலை வைத்து அளக்க முடியாதா என்றால், அதற்கு ஏற்காட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு மே மாதம். 20 கொண்டைஊசி வளைவையும் வேனில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலமே பனிமூட்டம் மேடைக்குள் வந்துவிட்டது. ஈரத்தில் தபலாத் தோல் தளர்ந்து சுருதி இறங்க, அவர் சுத்தியலோடு உட்கார்ந்துவிட்டார். குளிர்க் காற்றில் புல்லாங்குழலும் கொஞ்சம் இறங்கும். கீபோர்டு மட்டும் எந்தக் குளிருக்கும் அசையாது. இவற்றுக்கு நடுவில் நான் 'சிங்காரவேலனே தேவா' பாட வேண்டும். 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில், ஆபேரி ராகத்தில், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்துக்கு ஈடுகொடுத்து ஜானகியம்மா பாடியது. சுரம் பாடுகிற இடத்தில் எனக்குக் குரல் உடைந்தது. ஒரு சுரக் கோர்வையை அப்படியே விழுங்கிவிட்டேன். கீபோர்டு அண்ணன் நாகசுர பிட்டை இழுத்து வாசித்து மூடி மறைத்தார்.

கைதட்டல் அடங்கவில்லை. ஒன்ஸ்மோர் கேட்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். இறங்கும்போது பத்தாவது வளைவோ என்னவோ, கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "கைதட்டினது உனக்கில்ல கண்ணு. அந்தம்மாவுக்கு."

அன்று ராத்திரி அவர் மேல் கோபம்தான் வந்தது. யோசிக்க யோசிக்க உண்மை என்று தெரிந்தது. ஜனங்கள் என் வழியாகப் பழைய பாட்டைக் கேட்டார்கள், உடைந்த இடங்களை அவர்கள் ஞாபகமே ஒட்டவைத்துக்கொண்டது. ஆனால் தம்பி, அந்த ஞாபகம் எப்படி வந்தது? அங்கே உட்கார்ந்திருந்த காப்பித் தோட்டத்து ஆட்களுக்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்த சுற்றுலாக்காரருக்கும் ஆபேரி என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பெண் குரல் நாகசுரத்தை விடாமல் துரத்திக்கொண்டு போகிறது என்பது காதுக்குத் தெரியும். அத்தனை வருடம் அந்தப் பாட்டைத் தாங்கிப் பிடித்தது அந்தத் துரத்தல்தான். நீங்கள் "மனசு என்னமோ பண்ணுது" என்கிறீர்களே, அந்த 'என்னமோ'வில் பெரும்பகுதி யாரோ உட்கார்ந்து பழகிய வேலை.

வாத்தியக்காரர்களைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை, கதை ஒன்றுதான். பீட்டில்ஸ் குழுவில் நாலு பேருக்கும் நொட்டேஷன், அதாவது எழுதிய இசைக் குறிப்பு, படிக்கத் தெரியாது. அவர்களுடைய டிரம்மர் ரிங்கோ ஸ்டார் இடதுகைக்காரர், வலதுகைக்காரருக்கு அடுக்கிய டிரம்ஸில் வாசித்தவர், தனி ஆவர்த்தனத்தில் ஆசை இல்லாதவர். எங்கள் ரிதம்பேட் அண்ணனுக்கு அவர் தெய்வம். புதிதாக வருகிற பையன்கள் ஒவ்வொரு வரி முடிவிலும் தடதடவென்று உருட்டினால், "பாடறவங்க மூச்சு விடட்டும்பா" என்பார்.

கடைசியாக உங்கள் பாடகர். நீங்கள் அனுப்பிய இரண்டு பாட்டையும் இயர்போன் போட்டுக் கேட்டேன். முதல் பாட்டில் அவர் குரலைக் கிட்டத்தட்டக் காதில் கிசுகிசுப்பது போல வைத்திருக்கிறார், மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில். மூச்சுச் சத்தம்கூடச் சொல்லுக்குத் தோதாக விழுகிறது. அது தற்செயல் இல்லை, அவருக்கு மைக் தெரியும். உங்கள் தோழரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். இரண்டாவது பாட்டு நாட்டுப்புற மெட்டு. 'தூள்' படத்தில் பரவை முனியம்மா 'சிங்கம் போல' என்று எடுத்த எடுப்பைக் கேட்டவர்களுக்கு இவர் பாடுவது ஏசி அறையில் உட்கார்ந்து வயலைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். அதில் சுருதி துல்லியமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு அது நன்றாகப் பாடிய பாட்டு இல்லை.

இந்த வாரம் என்னிடம் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அதே 'எலந்தப் பழம்' சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவளும் நாலு வருடம் கீர்த்தனை பாடியவள், வரிக்கு வரி குழைக்கிறாள். திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு, அம்மாபேட்டை உழவர் சந்தைக்கு வெளியே கொய்யாப்பழம் விற்கிற பாட்டி கூவுவதைப் போய்க் கேட்டுவிட்டு வா என்று அவளை அம்மாவோடு அனுப்பினேன். நேற்று வந்தாள். கையில் ஒரு கிலோ கொய்யா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலிருந்தே சொன்னாள்: "அக்கா, அந்தப் பாட்டி விலைய சொல்றதுக்கு முன்னாடிதான் மூச்சு வாங்குறாங்க. பழத்துப் பேருக்கு வாங்கறதே இல்ல."